விதியும் விதிகளும்

தமிழிலே விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. தலையில் எழுதப்பட்டதென்று நாம் நம்புகின்ற ஊழும் விதி. ஏட்டில் எழுதப்பட்டு நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் விதி. எங்கேனும் ஒரு விபத்து நேர்ந்துவிட்டால், "எல்லாம் விதி" என்று பெருமூச்செறிந்து ஆறுதல் அடைவது நம்மவர் வழக்கம். அப்பொழுது நாம் கருதுவது முதலாவது பொருளையே. அச்சொல்லின் இரண்டாவது பொருளையும் சற்று நினைத்துப் பார்த்தால் எத்தனையோ விபத்துக்களின் உண்மை விளங்கும். இதனை எனக்கு நன்கு உணர்த்தியது ஆகாய விமானம்.

மாத்தளையில் இருந்துகொண்டு ஆகாய விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் எண்ணலாம். மிளகும் கொக்கோவும் தேயிலையும் விளைகின்ற மலைப் பிரதேசம் இது. ஆயினும் நமது மாவட்டத்தின் வடபாலில், சிகிரியாக் குன்றுக்கு அண்மையில், இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமைக்கப்பட்ட விமானத்தளம் ஒன்று உண்டு. அங்கே வந்து போகும் சிறிய விமானங்கள் சில வேளைகளில் நம் மலைகளுக்கு மேலாகவும் பறப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்த நாட்களில் அத்தகைய விமானம் ஒன்றின் ஓசை கேட்டால் என் வகுப்பு முழுவதும் யன்னற் பக்கம் திரும்பிவிடும். அவ்வாறு ஒரு நாள் திரும்பிய மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, அந்த இயந்திரம் இப்பொழுது நின்றுவிட்டால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுமா?"

நல்ல கேள்வி. பெரியவர்களுட் பலரும் விழுந்துவிடும் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை வேறு. பலகடுவைக் கணவாயிலிருந்து மாத்தளையை நோக்கிச் சைக்கிளில் வருபவன் மிதியாமலே நெடுந்தூரம் உருண்டு வருகிறான் அல்லவா? உயரத்தைச் செலவிட்டு ஓட்டத்தைப் பெறுகிறான். இயந்திரம் நின்ற விமானமும் அவ்வாறே கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவிலே வழுக்கி இறங்குகின்றது. செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானம் உலகிலே மிக அதிக எண்ணிக்கையிற் செய்யப்பட்ட விமானம். அது இயந்திர உதவியின்றி ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே செல்லும். தரைக்கு மேல் 5,000 அடி உயரத்தில் இயந்திரம் நின்றால், காற்று எதிர்த்து வீசாத வேளையில், எட்டு மைல் வரையில் மிதந்து செல்லலாம். தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய ஏழு நிமிடங்கள் ஆகும். ஆனால் 1,000 அடி உயரத்தில் நின்றால் விமானியின் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம் மட்டுமே.

இந்தச் சிறு பொழுதுக்குள் அவன் செய்ய வேண்டியவை பல. முதலாவது, விமானத்தை அதற்குரிய வேகத்தில் வைத்திருக்க வேண்டும். செஸ்னாவுக்கு அது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீற்றர். இரண்டாவது, இறங்கத்தக்க நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, இயந்திரம் நின்றமைக்குக் காரணம் தேடி, இயலுமாயின் அதனை மீண்டும் இயக்க முயல வேண்டும். நான்காவது, வானொலியில் தன் நிலையை அறிவிக்க வேண்டும். ஐந்தாவது, இறங்குவதற்கு முன் பெற்றோலையும் மின்சாரத்தையும் நிறுத்திக் கதவைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். இறங்கும் அதிர்ச்சியில் கதவு நெரிந்து இறுகிவிட்டால் வெளியேற வழியிராது.

வாசிப்பதற்கு இவை எளியவை. அச்சத்தால் நெஞ்சு படபடக்கும் வேளையில் எளியவை அல்ல. நிலம் நெருங்க நெருங்க விமானத்தின் மூக்கை உயர்த்தி இன்னும் சிறிது தூரம் செல்லலாமா என்ற ஆசை எவருக்கும் எழும். அந்த ஆசைக்கு இணங்கினால் வேகம் குறையும். இறக்கைகள் தாங்குஞ் சக்தியை இழக்கும். அதன் பின்னரே விமானம் உண்மையிற் கல்லைப் போல விழும். தரையைவிட்டு எழுந்த சில விநாடிகளில் இயந்திரம் நின்றால், புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடத் துணிவதும் இத்தகையதே. உயரம் போதாத நிலையில் திரும்ப முயன்று உயிரிழந்த விமானிகள் உலகெங்கும் பலர். ஆதலால் முன்னே தெரியும் நிலத்தில், நேராகவோ சற்றே விலகியோ இறங்கு என்று மாணவ விமானிக்கு ஆரம்பத்திலேயே போதிக்கிறார்கள். அந்த விநாடியில் ஆராய்வதற்கு நேரமில்லை. முன்னரே பழகிய ஒழுங்கு ஒன்றுதான் கை கொடுக்கும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில், இரண்டு சிறு விமானங்கள் நம் நாட்டிலே அவசரமாகத் தரையிறங்கின. முதலாவது, தென்மேற்கே பயாகலைக் கடற்கரையில் இறங்கியது. உயிர்ச் சேதம் எதுவுமில்லை. இரண்டாவது, நமது சிகிரியாவிலிருந்து இரத்மலானையை நோக்கிச் சென்ற விமானம். அது நீர்கொழும்புக்கு அண்மையில் கிம்புலாப்பிட்டியவில் இறங்கியது. அதிலிருந்த நால்வரும் காயமுற்றனர். எனினும் உயிர் தப்பினர். பத்திரிகையில் அச்செய்தியைப் படித்தபொழுது என் மனம் உடனே நம் மலைகளை நோக்கிச் சென்றது. அங்கே மணற்பரப்பு இருந்தது, சமநிலம் இருந்தது. இங்கே எது இருக்கிறது?

மாத்தளைப் பட்டணம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் உள்ளது. அதற்குக் கிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சிகரங்கள் 6,000 அடியையும் கடந்தவை. ஆகவே விமானத்தின் மானி 7,000 அடி என்று காட்டினாலும், சிகரத்துக்கு நேர் மேலே பறப்பவனுக்கு உள்ள உண்மையான உயரம் ஆயிரம் அடிக்கும் குறைவாக இருக்கலாம். இறத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் வரை பஸ்ஸிற் சென்றவர்கள் அங்கே காற்று வீசும் வேகத்தை அறிவார்கள். நின்ற நிலையில் மூடுபனி வந்து பாதையை மறைப்பதையும் கண்டிருப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது பட்டுக் கம்பளம் போலத் தோன்றும் தேயிலை மலை, கால் வைத்தால் செங்குத்தான சரிவு. கற்களும் கான்களும் நிறைந்தது. வயல்களோ படிப்படியாக அமைந்தவை. ஒவ்வொன்றும் ஒரு முற்றமளவே. அவற்றின் குறுக்கே மின்சாரக் கம்பிகள் செல்கின்றன. வடக்கே நாலந்தையைக் கடந்து தம்புள்ளையை நோக்கிச் சென்ற பின்னரே நிலம் விரிகின்றது.

ஆகையால் மலைநாட்டின் மேல் பறக்கும் விமானிக்கு உயரம் என்பது பஞ்ச காலத்துக்கென்று குதிரில் வைத்த நெல்லைப் போன்றது. அதனை அவன் வீணே செலவிடாதிருக்கவே விமானப் பறப்பு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி சிக்காகோ நகரில் கைச்சாத்தான உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் பொதுவான விதிகளை வகுத்துக்கொண்டன. இலங்கையும் அவற்றை ஏற்ற நாடு. கண்ணாற் பார்த்துப் பறக்கும் விமானம், பட்டணங்களுக்கும் மக்கள் திரண்டிருக்கும் இடங்களுக்கும் மேலே செல்லும்போது, சுற்றிலும் 600 மீற்றர் வட்டத்திலுள்ள மிக உயர்ந்த பொருளுக்கு மேல் குறைந்தது 1,000 அடி உயரத்தில் பறத்தல் வேண்டும். ஏனைய இடங்களில் 500 அடி. மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் பஞ்சரதங்கள் வீதி உலா வருவதை நினைத்துப் பாருங்கள். தேர் வடத்தைப் பற்றிய ஆயிரக்கணக்கான மக்களைப் படம் பிடிக்கும் ஆசையில் ஒரு விமானி தாழப் பறந்து, அவ்வேளையில் இயந்திரமும் நின்றுவிட்டால் அவன் எங்கே இறங்குவான்? அந்த 1,000 அடி விமானிக்காக மட்டும் விதிக்கப்பட்டதன்று. தேருக்குப் பின்னே அங்கப்பிரதட்சிணம் செய்யும் பக்தனுக்காகவும் விதிக்கப்பட்டது.

சரி, இயந்திரம் ஏன் நிற்கின்றது? சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு இரத்மலானை விமான நிலையத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே பயிற்றாசிரியர் ஒருவர் இறக்கையின் கீழுள்ள சிறு குழாயைத் திறந்து, கண்ணாடிக் குவளை ஒன்றில் பெற்றோலைப் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினார். விமானப் பெற்றோல் இளநீல நிறமானது. அதில் நீர் கலந்திருந்தால், நீர் கனமானதாகையால் குவளையின் அடியில் நிறமற்ற குமிழாகத் தங்கும். குறைவாக நிரப்பப்பட்ட தாங்கியினுள்ளே இரவுக் குளிரில் ஈரம் படிந்து நீராவதுண்டு. நம் மலைக்காற்றின் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமா? அன்றைய முதற் பறப்புக்கு முன்னரும், எண்ணெய் நிரப்பிய ஒவ்வொரு முறையும், இந்தச் சோதனையைச் செய்தல் வேண்டும். ஒரு நிமிட வேலை. "நேற்றும் தண்ணீர் இல்லை, இன்றும் இராது" என்று எண்ணுகிற அன்றைக்குத்தான் இருக்கும் என்றார் அவர்.

மற்றொரு காரணம் மாணவர்களை வியப்பில் ஆழ்த்தியது. பழைய முறையில் அமைந்த இயந்திரங்களில் காற்றும் பெற்றோலும் காபுரேற்றர் என்னும் பகுதியிலே கலக்கின்றன. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஓடிக்கொலோன் தடவும்போது அது ஆவியாகிக் குளிர்ச்சி தருவதைத் தாய்மார் அறிவர். பெற்றோல் ஆவியாகும்போதும் அப்படியே குளிர்கின்றது. ஒடுங்கிய வாயினூடாகக் காற்று விரைவதாலும் குளிர்கின்றது. இவ்விரண்டும் சேர்ந்து அங்கே வெப்பநிலையை இருபது பாகைக்கும் மேலாகத் தாழ்த்திவிடக்கூடும். ஆகவே வெளியே 25 பாகை வெப்பமுள்ள ஓர் இனிய காலையிலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், இயந்திரத்தின் தொண்டையிலே பனிக்கட்டி உறைந்து அதன் மூச்சை அடைத்துவிடும். இதற்குப் பரிகாரம் விமானியின் முன்னே உள்ள ஒரு சிறு பிடி. அதனை இழுத்தால் சூடான காற்று உட்சென்று பனியை உருக்கும். இறங்குவதற்காக இயந்திர வேகத்தைக் குறைக்குமுன் அதனை இழுக்க வேண்டும் என்பது அத்தகைய விமானங்களில் ஒழுங்கு. மறந்தவனுக்குப் பனி அங்கே காத்திருக்கும்.

மூன்றாவது காரணம் நாணத்தக்க அளவுக்குச் சாதாரணமானது: எரிபொருள் தீர்ந்துபோதல். பகலில் பறக்கும் சிறு விமானம், போய்ச் சேர்வதற்கு வேண்டியதற்கு மேலாக அரை மணி நேரப் பறப்புக்குப் போதிய எரிபொருளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. சிறு விமானங்களுக்கு மட்டும் நேரும் குறை இது என்று எண்ண வேண்டாம். 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, கனடாவிலே 69 பேருடன் சென்ற பெரிய போயிங் 767 விமானம் ஒன்று, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களையும் இழந்தது. நடந்தது என்ன? எரிபொருள் மானிகள் பழுதுற்றிருந்தன. ஏற்றிய அளவைக் கையாற் கணக்கிட்டவர்கள் கிலோகிராமுக்குரிய எண்ணுக்குப் பதிலாக இறாத்தலுக்குரிய எண்ணாற் பெருக்கிவிட்டனர். வேண்டியதிற் பாதிக்கும் குறைவான எரிபொருளே தாங்கியில் இருந்தது. விமானத் தலைவர் மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். அந்தப் பேருருவத்தை மிதக்கவிட்டே கிம்லி என்னும் இடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கி அனைவரையும் காப்பாற்றினார். உலகம் அவருடைய திறமையைப் புகழ்ந்தது, தகுந்த புகழ்ச்சியே. ஆனால் மானிகள் இயங்காத நிலையில் அவ்விமானம் புறப்படவே கூடாது என்பது அன்றைக்கே எழுத்தில் இருந்த விதி. அந்த ஒரு வரியை மதித்திருந்தால் அத்தனை திறமைக்கும் தேவை ஏற்பட்டிராது.

திறமை உடையவருக்கும் விதி வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவின் டேட்டன் நகரில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திர விமானம் ஒன்று சோதனைக்காக எழுந்தது. ஓட்டியவர்கள் மிகுந்த அனுபவசாலிகள். விமானம் செங்குத்தாக உயர்ந்து, திரும்பி விழுந்து எரிந்தது. விமானிகள் இருவர் இறந்தனர். இயந்திரக் கோளாறு எதுவுமில்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதிருக்க வால் இறக்கைக்கு இட்ட பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். மனிதனின் ஞாபகத்தை மட்டும் நம்பலாகாது என்பதை அந்தச் சாவு கற்பித்தது. அதன் பின்னரே, புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் வழக்கம் விமானிகளிடையே நிலைபெற்றது. அது நிகழ்ந்து 28 நாட்களின் பின், நவம்பர் 27ஆம் தேதி, சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்றாசிரியர் டின்டேல் பிஸ்கோ சிறிய பஸ் மொத் விமானத்திற் பறந்து வந்து இரத்மலானையில் முதன்முதலாக இறங்கினார். இலங்கையின் விமான நிலைய வரலாறு தொடங்கிய வேளையிலேதான், விமானிகளின் அந்த நல்ல பழக்கமும் உலகில் தொடங்கிற்று.

விதியை மீறுவதன் விலை நம் மலைநாட்டார் அறியாததன்று. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குச் சென்ற யாத்திரிகர்களை ஏற்றிய பெரிய விமானம் ஒன்று நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. இருந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அது இயந்திரம் நின்றதால் நேர்ந்ததன்று. தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதால் நேர்ந்தது. இருட்டில் மலை தெரியாது. ஆனால் அம்மலையின் மேல் இவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்காதே என்று சொல்லும் எண் படத்தில் இருந்தது. சிறியதாயினும் பெரியதாயினும் மலை விமானத்துக்கு வழிவிடுவதில்லை.

விமானி மட்டும் விதியைக் கடைப்பிடித்தாற் போதுமா? தரையில் வாழும் நமக்கும் சில கடமைகள் உண்டு. விமானத்தளத்துக்கு அருகே பட்டம் விடுதல், அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுதல், குப்பையைக் குவித்துப் பறவைகளை வரவழைத்தல் ஆகியன மேலே வருபவரின் உயிரோடு விளையாடும் செயல்களாகும். ஒரு நாள் நமது வயலிலோ தோட்டத்திலோ சிறு விமானம் ஒன்று இறங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. முதலில் 119இல் பொலிசாருக்கும் 1990இல் அம்புலன்ஸ் வண்டிக்கும் அறிவியுங்கள். பெற்றோல் கசியக்கூடும், ஆகவே பீடியோ சிகரெட்டோ விளக்கோ அண்டலாகாது. நின்றிருக்கும் சுழல்விசிறியையும் தொடாதீர்கள். கை பட்டு அசைந்தால் இயந்திரம் திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றிவிடக்கூடும். நெருப்பு அபாயம் இல்லையாயின் காயமுற்றவரை இழுத்து எடுக்க வேண்டாம்; முதுகெலும்பு முறிந்திருந்தால் இழுப்பதே அவரை முடமாக்கிவிடும். நெருப்புத் தோன்றினால் தாமதியாது வெளியேற்றுங்கள். உடைந்த துண்டு எதையும் ஞாபகார்த்தமாக எடுத்துச் செல்லாதீர்கள். நீங்கள் எடுத்த சிறு ஆணியே நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியாக இருக்கலாம்.

அந்தச் சாட்சியை விசாரிப்போர் கைக்கொள்ளும் நெறியும் அறியத்தக்கது. விமான விபத்தை ஆராய்வதன் நோக்கம் மறுபடியும் அது நேராமற் காப்பதே. குற்றஞ் சுமத்துவது அந்த ஆராய்ச்சியின் வேலை அன்று என்று சர்வதேச விதி கூறுகின்றது. நடந்ததை அஞ்சாமற் சொல்ல வழி இருந்தால்தான் உண்மை வெளிவரும். உண்மை வெளிவந்தால்தான் அடுத்தவன் பிழைப்பான். இந்த நெறி நம் வீடுகளுக்கும் வேண்டியதொன்று. கை தவறிப் போட்டுடைத்த பாத்திரத்தை மறைக்கும் பிள்ளை, அடிக்கு அஞ்சியே மறைக்கிறது. இன்று பாத்திரத்தை மறைக்கப் பழகியது நாளை வேறொன்றையும் மறைக்கும். "ஏன் உடைத்தாய்?" என்று உறுக்குவதற்கு முன், "எப்படி உடைந்தது?" என்று கேட்கும் பெற்றோர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரும் நன்மை செய்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, விதி என்றால் பெரியவர்கள் தங்கள் அதிகாரத்தைக் காட்டுவதற்குச் செய்த ஏற்பாடு என்று இளமையில் தோன்றுவது இயல்பு. விமானப் பறப்பின் விதிநூலை அவ்விதம் வாசிக்க இயலாது. அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வீடு திரும்பாத ஒரு மனிதன் இருக்கிறான். பெற்றோலைக் குவளையிற் பிடித்துப் பாராதவன் ஒருவன். பூட்டை விடுவிக்க மறந்தவன் ஒருவன். மலையின் உயரத்தை மதியாதவன் ஒருவன். அவர்கள் தம் உயிரைக் கொடுத்து எழுதியதை நாம் கண்ணைக் கொடுத்து வாசிக்க மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். புகையிரதக் கடவையில் இறங்கிய தடைக்கம்பத்துக்கும், இரசாயனக் கூடத்தின் சுவரில் எழுதிய வாசகத்துக்கும், அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதே என்ற எச்சரிக்கைக்கும் இது பொருந்தும்.

எல்லா விபத்துக்களையும் மனிதன் தடுத்துவிட இயலாது. எவ்வளவு பேணினாலும் ஒரு நாள் ஓர் இயந்திரம் நிற்கத்தான் செய்யும். அன்றைக்கு முன்யோசனையோடு வைத்திருந்த உயரமும், மறவாமற் செய்த சோதனையும், பழகிய கையும் விமானியோடு கூட இருந்தால், அவன் ஒரு வயலிலேனும் மணலிலேனும் இறங்கித் தன் பிள்ளைகளிடம் நடந்தே வந்து சேர்வான். ஏட்டிலுள்ள விதிகளைக் கடைசி வரையில் கடைப்பிடித்தவனுக்கே தலையிலுள்ள விதியைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு.